மஞ்சளைத் தடுத்தார்கள், பென்ட்ரைவையும் தடுக்கிறார்கள்

"ஐயா, பென்ட்ரைவ் போட ஏலாது. எல்லாம் லொக் பண்ணிக் கிடக்கு."

அலுவலக மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை அதைச் சொன்ன விதத்தில் குறை எதுவும் இல்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார். என் கையில் இருந்தது பழைய எட்டு ஜீபி பென்ட்ரைவ். தொலையாமல் இருக்க, வலை பொத்துகிற நைலோன் நூலில் கோத்து வீட்டுத் திறப்போடு கட்டி வைத்திருந்தேன். அதற்குள் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்து அங்கத்தவர் பட்டியல் இருந்தது: பெயர், அடையாள அட்டை இலக்கம், படகுப் பதிவு இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம். எரிபொருள் மானியத்துக்கென்று அந்த அலுவலகமே கேட்ட பட்டியல்தான். அதைக் கொடுக்கவென்று இலுப்பைக்கடவைச் சந்தியில் காலை பஸ்ஸுக்கு நின்று, ஏ-32 வீதி வழியே வந்திருந்தேன்.

"அப்ப என்ன செய்யிறது பிள்ளை?"

"என்ர நம்பருக்கு வட்ஸ்அப்பில போட்டு விடுங்கோ ஐயா. நான் எடுத்துக் கொள்ளுறன்."

என்னிடம் இருப்பது பட்டன் போன். றோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கொம்யூனிகேஷன் கடைக்குப் போனேன். கடைத் தம்பி பென்ட்ரைவைத் தன் கணினியில் செருகினான், பட்டியலைத் தன் டெஸ்க்டொப்புக்கு இழுத்தான், தன்னுடைய வட்ஸ்அப்பைக் கணினியில் திறந்து அந்தப் பிள்ளையின் சொந்த நம்பருக்கு அனுப்பினான். அறுபது ரூபாய் வாங்கினான். நான் திரும்பிப் போனபோது, அந்தப் பிள்ளையும் அலுவலகக் கணினியில் தன் வட்ஸ்அப்பைத் திறந்து அதே கோப்பை இறக்கிக்கொண்டிருந்தார். யூ.எஸ்.பி துளை வழியாக உள்ளே வரக் கூடாது என்று நிறுத்தப்பட்ட கோப்பு, கால் மணித்தியாலத்தில் வேறொரு வாசலால் அதே கணினிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. போகிற வழியில் ஒரு கடைக் கணினியிலும் இரண்டு கைத்தொலைபேசிகளிலும் தன் நகலை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

பூட்டுப் போட்டவர்கள் முட்டாள்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பூட்டுத் தேவைதான். அதற்கான சாட்சியை நான் வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை, எங்கள் பக்கத்துக் கொம்யூனிகேஷன் கடைகளே போதும்.

தவணைப் பரீட்சைக் காலத்தில் அந்தக் கடைகளில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தால் விளங்கும். வினாத்தாளோடு ரீச்சர் வருவார், வங்கிப் படிவத்தோடு வலைச்சம்மாட்டி வருவார், வெளிநாடு போக நிற்கிற பெடியன் கடவுச்சீட்டுப் பிரதியோடு வருவான், பூப்புனித நீராட்டு விழா அல்பத்தோடு ஒரு தாய் வருவார். எல்லோருடைய பென்ட்ரைவும் ஒரே துளைக்குள்தான் மாறி மாறிப் போகும். ஒருநாள் ரீச்சர் ஒருவர் தன்னுடையதைத் திறந்துவிட்டு அழாக்குறையாக நின்றார். ஒவ்வொரு போல்டரும் தன் இடத்தில் இருக்கிறது. ஆனால் அதன் மூலையில் வளைந்த சிறிய அம்புக்குறி. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "ஷோர்ட்கட் வைரஸ் ரீச்சர், பயப்பிடாதேங்கோ" என்றான். கறுப்புத் திரையைத் திறந்து, அட்ரிப் என்று தொடங்கும் ஒரு வரியைத் தட்டினான். மறைந்திருந்த உண்மையான போல்டர்கள் மங்கலாக எழும்பி வந்தன.

இந்த வைரஸ் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உங்கள் போல்டர்களை ஒளித்துவிடும். அவற்றின் பெயரிலேயே போலிச் சுட்டிகளைச் செய்து வைக்கும். நீங்கள் சுட்டியை அழுத்தினால் முதலில் தன்னை ஓட்டிக்கொள்ளும், பிறகு உங்கள் போல்டரையும் திறந்து காட்டும். கேட்டது கிடைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. அன்றைக்கு ரீச்சரின் பென்ட்ரைவ் சுத்தமாயிற்று. கடைக் கணினி சுத்தமாயிற்றா? அடுத்ததாக அதில் செருகப்பட்டது, பிரதேச அலுவலகம் ஒன்றுக்குப் போகவிருந்த யாரோ ஒருவருடைய பென்ட்ரைவ். இப்படி ஒரு துளையில் இருந்து வருவதை அரசாங்கக் கணினியில் கேள்வியின்றிப் போடலாம் என்று நான் எப்படி வாதாட முடியும்?

பெரிய இடங்களில் நடந்ததும் இதேதான், தொகைதான் வேறு. 2008 ஆம் ஆண்டு மத்திய கிழக்கில் இருந்த அமெரிக்கப் படைத்தளம் ஒன்றில், மடிக்கணினியில் செருகப்பட்ட ஒரேயொரு பென்ட்ரைவ் அந்நாட்டு இராணுவ வலையமைப்புக்குள் புழு ஒன்றைக் கொண்டுபோய் விட்டது. ஏஜென்ட் பி.டி.இசட் என்பது அதன் பெயர். அதைத் துடைத்தெடுக்க ஏறத்தாழ 14 மாதங்கள் பிடித்தன. அந்த ஆண்டு நவம்பரில் பென்டகன் பென்ட்ரைவ்களை முற்றாகத் தடை செய்தது. 2010 யூனில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரானின் நட்டான்ஸ் அணு நிலையத்துக்குள் பரவியது பென்ட்ரைவ் வழியாகத்தான். விண்டோஸில் சுட்டிகளின் படத்தைக் காட்டும் பகுதியில் இருந்த ஓட்டையை அது பயன்படுத்தியது. சுட்டியை அழுத்தக்கூடத் தேவையில்லை, போல்டரைத் திறந்து பார்த்தாலே போதும். ஈரானைக் குறிவைத்த அந்தப் புழு இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஏறிக்கொண்டது. கடலைத் தாண்டிப் பறக்கிற கொக்குக்கு எது இந்தியக் கரை, எது மன்னார்க் கரை?

மனிதக் குணமும் இதற்குத் தோதாக இருக்கிறது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ச்சியாளர்கள் 297 பென்ட்ரைவ்களை வேண்டுமென்றே அங்கங்கே போட்டுவிட்டுப் பார்த்தார்கள். முடிவை 2016 இல் வெளியிட்டார்கள். போட்டவற்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவற்றை எடுத்தவர்கள் கணினியில் செருகி உள்ளே இருந்த கோப்பைத் திறந்திருக்கிறார்கள். பெரும்பாலானோர் கெட்ட எண்ணத்தில் திறக்கவில்லை. யாருடையது என்று பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாமென்றுதான் திறந்தார்கள். கண்டெடுத்த கைப்பையைத் திறந்து அடையாள அட்டை தேடுகிற அதே நல்ல மனசு.

ஆகவே பூட்டட்டும். எப்படிப் பூட்டுகிறார்கள், எதைப் பூட்டுகிறார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

கணினியில் ஒரு பொருளைச் செருகியதும் முதலில் நடப்பது ஒரு விசாரணை. நீ யார், எந்த வகை, யார் செய்தது, உன் இலக்கம் என்ன என்று கணினி கேட்கும். பொருள் தானே பதில் சொல்லும். நான் சேமிப்புக் கருவி, இன்ன நிறுவனம், இன்ன மாதிரி, இன்ன தொடர் இலக்கம் என்று அது சொன்ன பிறகுதான் விண்டோஸ் அதற்கேற்ற இயக்கியை எழுப்பும். தடுக்கும் வேலை நடப்பது இந்த இடத்தில். எளிய வழி, சேமிப்புக் கருவிகளுக்கான இயக்கியை எழும்ப விடாமல் செய்துவிடுவது. ரெஜிஸ்ட்ரியில் யூ.எஸ்.பி.ஸ்டோர் என்ற பகுதியில் 3 என்று இருப்பதை 4 ஆக்கினால் முடிந்தது. கணினிப் பாடம் எடுத்த எந்தப் பிள்ளையும் செய்யும். அலுவலகங்களுக்கென்று விற்கப்படும் காஸ்பர்ஸ்கி, ஈசெட் போன்ற பாதுகாப்பு மென்பொருள்களில் இதற்கென்றே தனிப்பகுதி உண்டு. அங்கே இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம். இந்த இலக்கமுள்ள பென்ட்ரைவ் மட்டும் வரலாம், படிக்கலாம் ஆனால் எழுத முடியாது, கோப்பு வரலாம் ஆனால் அதிலிருந்து எந்த நிரலும் ஓட முடியாது, இந்த உத்தியோகத்தருக்கு மட்டும் அனுமதி என்றெல்லாம் பிரித்துப் பிரித்துச் சொல்லலாம். விண்டோஸிலேயே படிப்பது, எழுதுவது, ஓட்டுவது மூன்றையும் தனித்தனியாகத் தடுக்கும் ஏற்பாடு இருக்கிறது.

இவ்வளவு நுணுக்கம் கையில் இருந்தும், நான் பார்த்த இடங்களில் எல்லாம் நடப்பது 3 ஐ 4 ஆக்குகிற வேலைதான். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில்கூட "எல்லாவற்றையும் தடு" என்ற ஒரு பொத்தானை அழுத்திவிட்டு எழும்பிப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பூட்டு எதைப் பூட்டவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைய கைத்தொலைபேசியைக் கேபிளில் மாட்டினால் அது தன்னைச் சேமிப்புக் கருவி என்று சொல்லிக்கொள்வதில்லை, வேறொரு வகைப் பெயரைச் சொல்கிறது. ஆகவே 3 ஐ 4 ஆக்கிய கணினி பென்ட்ரைவைத் துரத்திவிட்டு, 128 ஜீபி போனை வரவேற்று உட்கார வைக்கும். எத்தனை அலுவலகங்களில் போன் சார்ஜ் ஏறுவது கணினித் துளையில் என்று எண்ணிப் பாருங்கள். 2014 இல் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்ற இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். பென்ட்ரைவின் உள்ளே இருக்கும் சிறிய கட்டுப்பாட்டுச் சில்லையே மாற்றி எழுதி, அது தன்னை விசைப்பலகை என்று பொய் சொல்ல வைத்தார்கள். விசைப்பலகையை எந்த அலுவலகமும் முற்றாகத் தடுத்துவிட முடியாது. செருகியதும் அந்தப் போலி விசைப்பலகை தானே தட்டச்சுச் செய்யத் தொடங்கும். பொருள் சொல்கிற பெயரைக் கணினி நம்பித்தான் ஆக வேண்டும் என்பதால் வருகிற வில்லங்கம் இது. அடையாள அட்டையைக் காட்டி வீதி தாண்டிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தலைமுறை நான். தடையைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் கணினியில் படித்தது அல்ல.

தொண்ணூறுகளில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பற்றரி, மண்ணெண்ணெய், சீமெந்து, உரம் என்று பட்டியல் நீளும். டோர்ச் பற்றரியை ஏன் தடுத்தார்கள் என்பதற்குத் தடுத்தவர்களிடம் காரணம் இருந்தது. சனம் என்ன செய்தது? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு விளக்குக் கொளுத்திப் படித்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு உயிலங்குளம் சோதனைச் சாவடியால் போய்வந்த காலத்திலும் பைகளைக் கொட்டிக் காட்டுவதுதான் வழக்கம். கொட்டிக் காட்டக் காட்ட, எதை எங்கே வைத்தால் கேள்வி வராது என்பதைச் சனம் படித்துக்கொண்டது. தடை போட்டவர்களைவிடத் தடைக்குள் இருந்தவர்களுக்குத்தான் அந்தச் சாவடியின் ஒவ்வொரு சந்துபொந்தும் தெரியும்.

அது போர்க்காலம் என்று தள்ளிவிடலாம். 2020 ஐ எடுங்கள். டொலரைச் சேமிக்கவும் உள்ளூர் விவசாயியைக் காக்கவும் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். நோக்கத்தில் பிழை இல்லை. ஆனால் உள்ளூரில் போதிய மஞ்சள் இருந்ததா? இல்லை. சோற்றுக்குக் கறி வைக்காமல் விடுவார்களா? மண்டபம், வேதாளைப் பக்கத்தில் ஏற்றப்பட்ட மஞ்சள் மூடைகள் மன்னார்க் கரைகளிலும் கற்பிட்டியிலும் வந்து இறங்கின. பீடி இலையும் தங்கமும் போய்வந்த பாதையில் சமையல் மஞ்சள் போனது. கடற்படை பிடித்த மூடைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தன. கொழும்புத் துறைமுகத்தால் வந்திருந்தால் அந்த மஞ்சள் தரம் பார்க்கப்பட்டிருக்கும், தீர்வை கட்டியிருக்கும், கணக்கில் இருந்திருக்கும். தடை வந்ததும் இந்த மூன்றும் போயின, மஞ்சள் மட்டும் வந்தது.

அந்த அலுவலகத்தில் என் பட்டியலுக்கு நடந்தது மஞ்சளுக்கு நடந்ததுதான். யூ.எஸ்.பி துளை வழியாகப் போயிருந்தால் அங்கிருந்த மென்பொருள் அதைச் சோதித்திருக்கும், எந்த நேரம் எந்தக் கோப்பு வந்தது என்று பதிவு வைத்திருக்கும், பிரதி ஒன்றே ஒன்று என் கையோடு திரும்பி வந்திருக்கும்.

இதை அமெரிக்காவும் பட்டுத்தான் படித்தது. 2008 நவம்பரில் பென்ட்ரைவைத் தடை செய்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? அந்தத் தடை 2010 பெப்ரவரியில் ஓரளவு தளர்த்தப்பட்டது. ஈராக்கில் இருந்த மனிங் என்ற இளம் இராணுவ ஆய்வாளர், லட்சக்கணக்கான இரகசிய ஆவணங்களை வெளியே கொண்டுபோனது ஏறத்தாழ அதே காலத்தில். எதில் தெரியுமா? எழுதி அழிக்கக்கூடிய சாதாரண சீடியில். மேலே லேடி காகா என்று பாடகியின் பெயரை எழுதியிருந்ததாம். எல்லோர் கண்ணும் யூ.எஸ்.பி துளையில், தட்டு சுழன்றது பக்கத்தில்.

மாறாக, 2018 மே மாதம் ஐ.பி.எம் நிறுவனம் தன் ஊழியர்கள் எல்லோரும் கழற்றி மாட்டும் சேமிப்புக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டபோது, கோப்புப் பரிமாறுவதற்கு நிறுவனத்தின் சொந்தச் சேவையைப் பயன்படுத்துங்கள் என்று கூடவே சொன்னது. பாதை இருந்தது, பிறகு தடை வந்தது. எங்கள் ஊரில் ஒழுங்கு தலைகீழ். இலுப்பைக்கடவையில் இருந்து ஓர் அலுவலகத்துக்குப் பெரிய கோப்பு ஒன்றைப் பாதுகாப்பாக அனுப்ப எனக்கு இருக்கிற அதிகாரபூர்வமான வழி எது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "ஈமெயில் இருக்கு ஐயா, ஆனா அது நிரம்பிப் போச்சு" என்றார்.

மின்னஞ்சல் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரசாங்க முகிலில் கப்பம் கேட்கும் நிரல் புகுந்தது. ஜீ.ஓ.வி.எல்.கே மின்னஞ்சல் முகவரிகள் ஏறக்குறைய 5,000 பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகத்தினதும் உட்பட. அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போயே போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்தது 2013 ஆம் ஆண்டுப் பதிப்பான மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச். அதற்கான ஆதரவை நிறுவனம் அந்த ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டிருந்தது. இந்தச் செய்தியில் என் கண் நின்ற இடம் வேறு. காப்புப் பிரதி இருந்தது. ஆனால் அதுவும் அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் அதையும் நிரல் பூட்டிவிட்டது. கழற்றி அலுமாரிக்குள் வைத்த பிரதி அந்த மூன்று மாதங்களுக்கு இல்லை.

கழற்றி வைக்கக்கூடியது என்பதுதான் இந்தக் கருவிகள் மீதான குற்றச்சாட்டு. கப்ப நிரலுக்கு எதிரே அதுவே அவற்றின் முதல் தகுதி. வயரில் இல்லாத தட்டுக்கு எந்த நிரலும் நடந்து போக முடியாது. எல்லாத் துளைகளையும் அடைத்த ஓர் அலுவலகத்தில் மாதத்துக்கொருமுறை தரவைப் பிரதியெடுத்து இரும்பு அலுமாரியில் வைக்கும் ஹார்ட் டிஸ்க் எந்தத் துளையால் போகும்? இதைக் கேட்டால் பல இடங்களில் பதில் வராது. பென்ட்ரைவைத் தடுத்த கையோடு காப்புப் பிரதியையும் தடுத்துவிட்டோம் என்பதே அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

இணைக்காமல் வைப்பதே முழுப் பாதுகாப்பு என்றும் இல்லை. நட்டான்ஸ் அதற்குச் சாட்சி. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019 இல் நடந்ததும் நினைவிருக்கலாம். டீட்ராக் என்ற உளவு நிரல் பற்றிய செய்தி கசிந்ததும், கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையமைப்போடு இணைக்கப்படாதவை, தாக்குதலுக்கு இடமே இல்லை என்று ஒக்டோபர் 29 அன்று நிலையத்தின் சார்பில் அறிக்கை வந்தது. மறுநாள் இந்திய அணுமின் கழகம், நிர்வாக வேலைக்கான இணைய இணைப்புள்ள கணினி ஒன்றில் நிரல் இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. செப்டெம்பர் 4 அன்றே அவர்களுக்குத் தகவல் போயிருக்கிறது. அணு உலைக்கு எதுவும் ஆகவில்லை என்றார்கள். நல்லது. ஆனால் "இணைக்கவில்லை" என்ற ஒரு சொல்லை எல்லாக் கேள்விக்கும் விடையாக நீட்டுவது, "லொக் பண்ணியிருக்கு" என்ற சொல்லை நீட்டுவது போலத்தான்.

சரி, என்ன செய்யலாம் என்கிறீர்கள்? பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மூலையில் துணி மூடிக் கிடக்கிற பழைய கணினி ஒன்று இருக்கும். அதைத் துடைத்து, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸை ஏற்றி, எந்த வலையமைப்போடும் இணைக்காமல், பொதுமக்கள் வருகிற வாசல் மேசையில் வையுங்கள். விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட ஷோர்ட்கட் வைரஸ் அங்கே செத்த மீன் மாதிரிக் கிடக்கும். வருகிறவரின் பென்ட்ரைவ் முதலில் அதில்தான் போக வேண்டும். ஆவணங்களும் படங்களும் மட்டும் எடுக்கப்படும், ஓடக்கூடிய நிரல் எதுவாயினும் அங்கேயே நிற்கும். சோதித்த கோப்பு அலுவலகத்தின் சொந்தப் பென்ட்ரைவில் உள்ளே போகும். உள்ளே இருக்கும் கணினிகளுக்கு அந்த ஒன்றின் தொடர் இலக்கம் மட்டும் தெரிந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் தாராளமாகத் தடுக்கட்டும், போனையும் சேர்த்துத் தடுக்கட்டும். மலிவுப் பென்ட்ரைவ்கள் பலவற்றுக்கு ஒழுங்கான தனி இலக்கம் இருப்பதில்லை, ஆகவே அந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் பார்த்து வாங்க வேண்டும்.

இந்தத் துறையில் இப்படிப்பட்ட கணினிக்கு ஷீப் டிப் என்று ஒரு பழைய பெயர் உண்டு. புதிதாக வாங்கிய ஆட்டை மந்தையோடு சேர்க்குமுன் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பார்களாம், அதில் வந்த பெயர். எங்கள் பக்கத்தில் ஆட்டை முக்குகிற வழக்கம் இல்லை. ஆனால் பட்டிக்குப் புதிதாக வந்த மாட்டை நாலு நாள் தள்ளிக் கட்டிவைத்துப் பார்க்கத் தெரியாதவர் இலுப்பைக்கடவையில் யாரும் இல்லை.

வேலை கூடும், யார் அந்த மேசையில் இருப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த வேலையை இப்போது கொம்யூனிகேஷன் கடைத் தம்பி செய்கிறான், சம்பளத்தை நாங்கள் கொடுக்கிறோம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கையாளுகிறவர்தான் அதைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. அது முழுதாக நடைமுறைக்கு வருவது தள்ளித் தள்ளிப் போனது வேறு கதை. எங்கள் அடையாள அட்டை இலக்கங்களைக் கையாளுகிறவர் யார் என்று இன்றைக்குக் கேட்டால், கடைத் தம்பியையும் சேர்த்துத்தான் கைகாட்ட வேண்டியிருக்கும்.

பென்ட்ரைவ் என்ன பெரிய பொருளா, இணையம் வந்த பிறகு அதை ஏன் கட்டி அழுகிறீர்கள் என்று என் மகனே கேட்கிறான். அவன் ரொறன்ரோவில் இருக்கிறான். 2008 ஆடியில் சண்டை விடத்தல்தீவைத் தாண்டி எங்கள் ஊருக்குள் வந்தபோது நாங்கள் எடுத்துக்கொண்டு ஓடியது இரண்டு பை. ஒன்றில் அரிசி. மற்றது பொலித்தீன் பை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, மனைவியின் அடையாள அட்டை. கிளிநொச்சி தாண்டி, முள்ளிவாய்க்கால் வரைக்கும் அந்தப் பையை மனைவி இடுப்பில் கட்டியிருந்தார். மழையில் நனைந்த உறுதி செட்டிகுளம் முகாமில் பிரித்தபோது கிழிந்தது. ஊர் திரும்பிய பிறகு நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று, நாங்கள் நாங்கள்தான் என்று காட்டவே சனத்துக்கு எத்தனை மாதம் பிடித்தது. இன்று எங்கள் ஊர்த் தாய்மாரின் தாலிக்கொடிப் பெட்டிக்குள் ஒரு பென்ட்ரைவும் இருக்கிறது. ஸ்கேன் பண்ணிய உறுதியும் சான்றிதழ்களும் அதற்குள். முகிலில் போடலாமே என்றால், எங்கேயோ இருக்கிற முகிலைக் காட்டிலும் கைக்குள் இருப்பதைத்தான் அவர்கள் நம்புவார்கள். 2023 ஓகஸ்டுக்குப் பிறகு அவர்களைப் பிழை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தாய் அந்தப் பென்ட்ரைவைக் கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போகும்போது "போட ஏலாது" என்பது பாதுகாப்பு அறிவித்தலாகக் காதில் விழாது. பையைக் கொட்டு என்ற பழைய குரலாகத்தான் விழும்.

மானியம் வந்ததா என்று கேட்பீர்கள். பட்டியலில் இரண்டு பெயர் மாறியிருக்கிறது, திருத்திய பிரதி வேண்டும் என்று போன மாதம் அழைப்பு வந்தது. மறுபடியும் பஸ் ஏறிப் போனேன். அந்த மேசையில் வேறொரு பிள்ளை இருந்தார். முந்தியவருக்கு இடமாற்றமாம், வேறு மாவட்டத்துக்கு. அவர் தன் கைத்தொலைபேசியையும் கொண்டுதானே போயிருப்பார். நூலில் கட்டிய பென்ட்ரைவை நான் சட்டைப்பையில் இருந்து எடுக்குமுன்பே புதிய பிள்ளை சிரித்துக்கொண்டு சொன்னார்: "அது போட ஏலாது ஐயா. என்ர நம்பரைத் தாறன்."